தெருக்களத்தின் விதிகள்

ஜேம்ஸ் நைஸ்மித் 1891ஆம் ஆண்டில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியபோதே 13 விதிகளை எழுதி, மத்தியஸ்தருக்கும் அவற்றில் இடமளித்துவிட்டார். நியூயோர்க் பூங்காக்களில் வந்தவர்கள் அணிபிரித்து ஆடும் ஆட்டத்திலோ மத்தியஸ்தரும் இல்லை, கடிகாரமும் இல்லை. இடிபட்டவரே 'ஃபவுல்' என்று குரல் கொடுப்பார். மற்றவர்கள் வாதாடிவிட்டு ஏற்றுக்கொள்வார்கள். ஓயாமல் பொய்க்குரல் கொடுப்பவரை மறுமுறை எவரும் தம் அணியில் சேர்ப்பதில்லை. வென்ற அணி களத்தில் நிற்கும். தோற்ற அணி வெளியேறி முறைக்காகக் காத்திருக்கும். லீக்கில் தோற்றவருக்கு அடுத்த போட்டியின் திகதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். தெருவில் ஒவ்வொரு புள்ளிக்கும் அத்தனை வாக்குவாதம் எழுவது அதனாலேதான்.

1967இல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில், பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அறையும் 'டங்க்' தடைசெய்யப்பட்டது. லூ அல்சிந்தர் (பின்னாளில் கரீம் அப்துல் ஜபார்) என்ற நெடிய மாணவரைக் கட்டுப்படுத்தவே இந்தத் தடை என்று பலர் கருதினர். 1976இல் அது நீங்கும்வரை, கல்லூரி மறுத்ததைத் தெரு கொண்டாடியது. ஹார்லமில் ஹோல்கம் ரக்கர் தொடக்கிவைத்த கோடைச் சுற்றுப்போட்டியும் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒன்றே. எனினும் அங்கே தொழில்முறை வீரர்களும் தெரு வீரர்களும் எதிரெதிரே நின்றார்கள். ஜூலியஸ் எர்விங்கும் அங்கு ஆடியவரே.

அதே ஹார்லமின் ஏர்ள் மனிகோல்ட், ஜபாரே வியந்து போற்றிய வீரர். போதைப்பொருளும் சிறையும் அவரை அலைக்கழித்தன, என்.பி.ஏ.யில் அவர் ஒருபோதும் ஆடவில்லை. பலகையின் உச்சியிலிருந்து நாணயத்தை எடுப்பார் என்பார்கள். புள்ளிப்பட்டியலை வைத்தே விளையாட்டுச் செய்தி எழுதிப் பழகிய எனக்கு அதை நம்பக் கடினமாக இருக்கிறது. ஆனால், மறுக்கவும் பட்டியல் இல்லை. 1998இல், 53ஆவது வயதில் அவர் காலமானார்.