மானியம் யார் கையில்? நியூயார்க் சமுதாயப் பள்ளி மதிப்பீடு: ஒரு மறுவாசிப்பு

சமுதாயப் பள்ளிகளுக்கு மாநில அரசு மானியம் வழங்க வேண்டும் என வாதிடும் எழுத்துகளில் பெரும்பாலானவை, ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நியூயார்க் மதிப்பீட்டையே சான்றுக்கு அழைக்கின்றன. மனநல ஆலோசனை, உடல்நலச் சேவை, மாலை நேர வகுப்பு, பெற்றோர் பங்கேற்பு ஆகியவற்றைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவந்தால் மாணவர் முன்னேறுவர்; அதற்கு இம்மதிப்பீடே ஆதாரம் என்பது அவற்றின் முடிபு. மதிப்பீட்டின் எண்களோடு எனக்கு வழக்கில்லை. அவ்வெண்களிலிருந்து அம்முடிபு பெறப்படுகிறதா என்பதே வினா. பெறப்படவில்லை என்றே கருதுகிறேன்.

ஆய்வு 2015-16 முதல் 2017-18 வரையிலான மூன்று கல்வியாண்டுகளில் 113 சமுதாயப் பள்ளிகளை, அவற்றையொத்த பிற பள்ளிகளோடு ஒப்பிட்டது. மாணவர் வருகை எல்லா நிலைகளிலும், முதல் ஆண்டிலிருந்தே உயர்ந்தது. தொடக்க, நடுநிலை மாணவர்கள் தங்காமல் அடுத்த வகுப்புக்குச் செல்வதும் கூடியது. கணிதத்தில் முன்னேற்றம் மூன்றாம் ஆண்டில்தான் தென்பட்டது. வாசிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எந்த ஆண்டிலும் இல்லை. ஒழுங்கு மீறல்கள் கீழ் வகுப்புகளில் குறைந்தன, உயர்நிலைப் பள்ளிகளில் குறையவில்லை.

சேவைகளே விளைவைத் தந்தன என்போர் இந்த ஏற்ற இறக்கத்தை விளக்கியாக வேண்டும். மனநல ஆலோசனையின் பயன் ஒழுங்கு மீறல்களில் தெரியுமென்றால், அத்தேவை மிகுந்த பதின்பருவத்தினரிடம் ஏன் தெரியவில்லை? உடல்நலச் சேவைகள் படிப்புக்கு உதவுகின்றனவென்றால், கணிதத்துக்கு உதவியது வாசிப்புக்கு ஏன் உதவவில்லை? வருகையை மையத்தில் வைத்துப் பார்த்தால் இவ்வெண்கள் ஓரளவு ஒழுங்குக்கு வருகின்றன. கணிதம் பெரிதும் வகுப்பறையில் கற்கப்படுவது. வராதவன் இழப்பதும் அதையே. வாசிப்புத் திறனில் வீட்டின் பங்கு அதிகம். வருகை கூடி இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கணிதம் அசைவதில் வியப்பில்லை.

வருகையை உயர்த்தியது எது? இங்குதான் பணம் வந்த வழியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நியூயார்க் நகரம் 2014இல் இத்திட்டத்தைத் தொடங்கியபோது முதல் நிதி மாநிலக் கல்வித் துறையிடமிருந்து வந்தது: நான்கு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலர். அது வருகையை மேம்படுத்தவும் இடைநிற்றலைத் தடுக்கவும் ஒதுக்கப்பட்ட மானியம். சேவை விரிவாக்கம் அதன் தலைப்பிலேயே இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முதன்மைச் சமூக அமைப்பு இணைக்கப்பட்டது. சமுதாயப் பள்ளி இயக்குநர் என்பவர் அந்த அமைப்பின் ஊழியர். சம்பளம் அமைப்பிலிருந்து, வேலை பள்ளிக்குள்.

அவர் செய்த வேலையின் மையம் வருகைக் கூட்டம். முதல்வர், ஆலோசகர், சமூகப் பணியாளர், இயக்குநர் ஆகியோர் ஒரே மேசையில்; நடுவே பெயர்ப் பட்டியல். யார் தொடர்ந்து வரவில்லை, வீட்டுக்குப் பேசியது யார், அடுத்த கூட்டத்துக்குள் யார் பேசுவது? இந்த மேசையில் முதல்வரின் ஊதியப் பட்டியலில் இல்லாத ஒருவர் அமர்ந்து, போன கூட்டத்தில் ஏற்ற வேலை என்னாயிற்று என்று முதல்வரையே கேட்க முடிந்தது. விளைவின் ஊற்று இங்கே இருக்கலாம் என்பது என் வாதம். ஆய்வுக்குட்பட்ட எல்லாச் சமுதாயப் பள்ளிகளிலும் முதன்மை அமைப்பு இருந்தமையால் அதன் பங்கை மட்டும் பிரித்தளக்க அந்த ஆய்வமைப்பு இடந்தராது. அப்படியிருக்க, விளைவு முழுவதையும் சேவைகளின் கணக்கில் எழுதவும் அது இடந்தராது. இதை மறந்துவிட்டே மேற்கோள்கள் பெருகுகின்றன.

ஒரு மறுப்பு கனமானது. இப்பள்ளிகளில் கணிசமானவை, அதே 2014இல் 94 பள்ளிகளோடு தொடங்கி 2019இல் கைவிடப்பட்ட பள்ளிப் புதுப்பிப்புத் திட்டத்திலும் இருந்தன. அத்திட்டம் கற்பித்தல் நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் நீட்டியது. கணித முன்னேற்றம் அதன் விளைவாகலாமே? ஆகலாம். ஆனால் கூடுதல் மணி நேரம் வாசிப்பை மட்டும் தொடாமல் விட்டது ஏன் என்பதற்கு அவ்விளக்கத்தில் விடையில்லை. பொதுப்பணம் தனியார் தொண்டு அமைப்பு வழியே போகலாமா என்ற மறுப்பும் உண்டு. அது தணிக்கையாளரின் கவலை, அதற்காக இங்கே நிற்க வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவுக்கு வந்தால், மதிப்பீட்டை எப்படி வாசிப்பது என்ற இந்தச் சிக்கல் ஏட்டளவில் நிற்பதில்லை. 2021, 2022 ஆண்டுகளின் வரவுசெலவுத் திட்டங்கள் வழியே அம்மாநிலம் சமுதாயப் பள்ளிக் கூட்டாண்மைத் திட்டத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 410 கோடி டாலர். செயலாக்க மானியம் ஐந்தாண்டுகளுக்கு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வரை. நியூயார்க்கின் சேவைக் கூறுகள் இங்கே ஏறக்குறைய முழுமையாக வந்து சேர்ந்தன. பணத்தின் வழி மட்டும் மாறியது: மானியத்தைக் கையில் வாங்குவது பெரும்பாலும் பள்ளி மாவட்டம். எடுத்துக்காட்டாக, ஓக்லாந்தில் நியூயார்க் இயக்குநரின் இடத்தில் இருக்கும் மேலாளர் மாவட்டத்தின் ஊழியர்.

இதோடு இன்னொரு விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடாக உள்ளூர்ப் பங்களிப்பு வேண்டும். அதைப் பணமாகவோ, அதே மதிப்புள்ள சேவையாகவோ காட்டலாம். ஏற்கெனவே பள்ளியில் இயங்கும் ஒரு சமூக அமைப்பின் சேவை அந்தப் பங்களிப்புக் கணக்கில் ஏறினால், நியூயார்க்கில் மானியத்தால் ஊதியம் பெற்ற தரப்பு இங்கே மானியத்துக்கு ஈடு கொடுக்கும் தரப்பாகிவிடுகிறது. கூட்டாண்மை என்ற பெயர் மாறவில்லை. மேசையில் கேள்வி கேட்கும் இடம் பறிபோகிறது.

கலிஃபோர்னியாவிலும் தொடர் விடுப்பு ஒப்பீட்டுப் பள்ளிகளைவிடக் கூடுதலாகக் குறைந்ததாக 2025இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அது என் வாதத்துக்கு இடையூறுதான்; இத்தகைய ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தால் போதும், சம்பளம் யார் தந்தாலென்ன என்று அதைப் படிக்கலாம். எனினும் பெருந்தொற்றுக்குப் பின் 2021-22இல் அம்மாநில மாணவரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் தொடர் விடுப்பில் இருந்தனர். அத்தகைய உச்சத்திலிருந்து இறங்குகையில், பட்டியலோடு உட்காரும் எவரும் பலன் காட்டுவர். உச்சம் தணிந்த பின், முதல்வருக்குக் கசக்கும் கேள்வியைக் கேட்கவேண்டிய ஆண்டுகளில்தான் ஒருங்கிணைப்பாளர் யாருடைய ஊழியர் என்பது பொருட்படும்.

இதைச் சோதிக்க நியூயார்க் எண்களை மேலும் கடைய வேண்டாம். கலிஃபோர்னியாவுக்குள்ளேயே ஒருங்கிணைப்பாளரை மாவட்டம் நியமித்த பள்ளிகளையும், சமூக அமைப்பு ஒன்றிடம் ஒப்பந்தத்தில் விட்ட பள்ளிகளையும் பிரித்து, மானியத்தின் நான்காம், ஐந்தாம் ஆண்டு வருகைப் பதிவுகளை ஒப்பிட்டால் போதும்.