நெடுவழி மோட்டார் சைக்கிள்களின் நம்பகத்தன்மை: ஜவ்வாது மலைச் சாலையும் திருவொற்றியூர் புல்லட்டும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலையின் மையமான ஜமுனாமரத்தூருக்குப் போளூரிலிருந்து ஒரு சாலை ஏறுகிறது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகம் வழியாக இன்னொரு சாலை வருகிறது. சென்னை, பெங்களூரு மோட்டார் சைக்கிள் குழுக்கள் வார இறுதிகளில் விரும்பி வரும் வழிகள் இவை. மலைச் சாலை ஒரு வண்டியின் குணத்தைச் சீக்கிரமே காட்டிவிடும். ஏற்றத்தில் சிறிய கியரில் மெதுவாகப் போகும்போது இன்ஜின் முழுச் சுமையையும் இழுக்கிறது. ஆனால் அதைக் குளிர்விக்க வேண்டிய காற்றோ குறைவாகவே வந்து மோதுகிறது. இறக்கத்தில் கியரில் பிடித்து இறக்காமல் பிரேக்கையே நம்பினால், பழைய டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடியை இழக்கும். உலகம் சுற்றிய மோட்டார் சைக்கிள்களும் இதே சோதனையைத்தான் பல மாதங்களுக்கு எதிர்கொண்டன.

அத்தகைய பயணங்களின் வரலாறு 1912இல் தொடங்குகிறது. அமெரிக்கரான கார்ல் ஸ்டெர்ன்ஸ் கிளான்சி அவ்வாண்டு நான்கு சிலிண்டர் ஹெண்டர்சன் வண்டியில் அயர்லாந்திலிருந்து புறப்பட்டு, ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, இலங்கை, சீனா, ஜப்பான் வழியாக 1913இல் நியூயார்க் திரும்பினார். கடந்த தூரம் சுமார் 18,000 மைல். 1932இல் லண்டனிலிருந்து கிளம்பிய ராபர்ட் எடிசன் ஃபுல்டன் டக்ளஸ் வண்டியில் இந்தியாவையும் கடந்து சென்றார். வழியில் பழுதானால் பார்க்க இவர்களுக்கு மெக்கானிக் கடை எதுவும் இல்லை. எனவே பழுதாகாத வண்டி என்பதைவிட, பழுதானாலும் கையிலுள்ள சாவிகளைக் கொண்டு சரிசெய்துகொள்ளக்கூடிய வண்டி என்பதே அன்றைய நம்பகத்தன்மையின் பொருளாக இருந்தது.

இந்தப் பொருளை இந்தியாவில் நெடுங்காலம் நிலைநிறுத்திய வண்டி புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932இல் அப்பெயரை அறிமுகப்படுத்தியது. எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய அரசு 1950களில் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆணை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவில் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. சென்னையை ஒட்டிய திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. 1960களின் தொடக்கத்துக்குள் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. 1970க்குள் தாய் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அங்கே அழிந்த வடிவமைப்பு திருவொற்றியூரில் மட்டும் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது.

அந்த இன்ஜினின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. இப்படி நீண்டு ஓடும் பிஸ்டன் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவிசையைத் தரும். அமுக்க விகிதம் குறைவு என்பதால் மட்டமான பெட்ரோலிலும் இன்ஜின் தட்டாமல் ஓடியது. கனத்த பிளைவீல் இருந்ததால் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்தாலும் வண்டி நின்றுவிடாமல் இழுத்துச் செல்லும். தீப்பொறியைக் கட்டுப்படுத்தியது சாதாரண காண்டாக்ட் பாயிண்ட். அது தேய்ந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து மீண்டும் கிளப்பலாம். கிளப்புவதும் ஒரு வித்தைதான். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸர் நெம்புகோலை அழுத்தி, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே உதைக்க வேண்டும். அவசரப்பட்டவர்களின் காலை அது திருப்பி உதைத்தது.

குறைகளும் ஏராளம். எண்ணெய் ஒழுகாத பழைய புல்லட்டைக் காண்பது அரிது. அதிர்வில் நட்டுகள் கழன்றன, பல்புகள் உயிரைவிட்டன. வார்ப்பிரும்பு சிலிண்டர் சூட்டை மெதுவாகவே வெளியேற்றியது. கனெக்டிங் ராடின் அடியில் உருளை பேரிங்குக்குப் பதிலாக இருந்த மிதக்கும் புஷ், சீரான எண்ணெய் ஓட்டத்தை மட்டுமே நம்பியிருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுவதும் ஓடும் வண்டியை, 90இல் நெடுநேரம் விரட்டினால் இன்ஜின் சீஸ் ஆகக்கூடும். தங்க நாற்கரச் சாலையின் பகுதியாகச் சென்னை–பெங்களூரு வழி விரிவாக்கப்பட்ட பிறகு இந்தப் பலவீனம் வெளிச்சத்துக்கு வந்தது. ஜவ்வாது மலையின் ஏற்றத்தில் சளைக்காத வண்டி, அடிவாரத்து வாணியம்பாடி நெடுஞ்சாலையில் திணறியது என்பது விசித்திரமான உண்மை.

ஆனாலும் வெளிநாட்டுப் பயணிகள் அதை நாடி வந்தார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜாக்கி ஃபர்னோ இந்தியாவில் வாங்கிய 500 சிசி புல்லட்டிலேயே சுமார் 7 ஆண்டுகள் பல நாடுகளைச் சுற்றினார். அதற்கு முன்பு டெட் சைமன் 1973 முதல் 1977 வரை டிரையம்ஃப் வண்டியிலும், எல்ஸ்பெத் பியர்டு 1982 முதல் 1984 வரை பிஎம்டபிள்யூ வண்டியிலும் உலகைச் சுற்றியிருந்தனர். வண்டிகள் வேறானாலும், தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கும் துணிவு இவர்களுக்குப் பொதுவாக இருந்தது.

1994இல் ஐஷர் குழுமம் நிறுவனத்தைக் கையகப்படுத்தியது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவன உதவியோடு அலுமினிய இன்ஜின் வந்தது. 2008–09இல் கியர்பெட்டியும் இன்ஜினும் ஒன்றிணைந்த புதிய வடிவம் வந்தது. எண்ணெய்க் கசிவு பெரிதும் நின்றது, மிதக்கும் புஷ் மறைந்தது. இதற்கிடையே 2006இல் விசாகப்பட்டினத்தின் பரத்வாஜ் தயாளா ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். கனத்த வண்டிதான் தூரம் போகும் என்ற பழைய நம்பிக்கைக்கு அது நல்ல பதில். 2016இல் நெடும்பயணத்துக்கென்றே ஹிமாலயன் வெளிவந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்–6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்தி இடம்பிடித்தது. பழுதுகள் குறைந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் சென்சார் ஒன்று செயலிழந்தால் உப்புத்தாளும் ஸ்குரூடிரைவரும் பயன்படா. பழுதைக் கண்டறியவே கருவி வேண்டும், அது மலைக்குக் கீழே நகரத்துச் சர்வீஸ் மையத்தில்தான் இருக்கும். வார இறுதியில் வருபவருக்கு இது ஒருநாள் இடைஞ்சல். சாமை மூட்டையைச் சந்தைக்கு இறக்க வேண்டிய மலைவாசிக்கு அது பிழைப்பு.

அந்த மலைவாசிகளின் வண்டி புல்லட் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளும்தான் தமிழகக் கிராமங்களில் மூட்டையும் ஆளும் சுமந்தன. கியர் இல்லை, பாகங்கள் சொற்பம், விலை குறைவு, எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டிவிடுவார். உலகப் பயண நூல்களில் அவற்றின் பெயர் இல்லை. ஒரே ஏற்றத்தை ஆண்டுக்கணக்கில் தினமும் ஏறி இறங்கிய தூரத்தை யாரும் கணக்கெடுத்ததுமில்லை.