உப்புக் கஞ்சியும் ஒரு ஜீவனி பக்கெட்டும்

போன மாசம் அக்காவின் மகனுக்கு வயிற்றால போகத் தொடங்கியது. ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் இப்படியான செய்தி பத்து வீட்டுக்கும் கேட்டுவிடும். “தண்ணி குடுக்காத புள்ள, குடுத்தா இன்னும்தான் போகும்” என்றார் பக்கத்து வீட்டு அன்ரி. அம்மாயி அதைக் காதில் வாங்காமல் உப்புக் கஞ்சி வைத்தார். நான் பார்மசிக்கு ஓடி ஜீவனி வாங்கி வந்தேன். உப்பும் சீனியும் கலந்த அந்தத் தூளுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் முன்னோர் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். அந்தப் பாதையில் கொலராவில் விழுந்தவர்கள் ஏராளம். கொலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். 1832இலேயே ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாட்டா என்ற மருத்துவர் நோயாளிகளின் நாளத்தில் உப்புநீர் ஏற்றிப் பார்த்தார். ஆனால் காட்டுப் பாதையில் ஊசிக்கும் டாக்டருக்கும் எங்கே போவது?

வாயால் குடிக்கும் வழி கண்டுபிடிக்கப்பட இன்னும் 130 வருடங்களுக்கு மேல் ஆனது. சிறுகுடல் கிட்டத்தட்ட 6 மீற்றர் நீளம். ஓஎல் சயன்ஸில் படித்த சடைமுளைகள் ஞாபகம் இருக்கும்தானே? சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். 1960இல் பிராக் நகரில் நடந்த மாநாடு ஒன்றில் ரொபர்ட் கிரேன் ஒரு விளக்கம் சொன்னார்: அங்கே குளுக்கோஸ் உள்ளே போவது சோடியத்தோடு சேர்ந்துதான். இரண்டும் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். கொலரா வந்த குடலிலும் இந்த வாசல் மூடுவதில்லை. வெறும் தண்ணீர் போதாது என்பதற்கும் இதுதான் காரணம்.

1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் இருவரும் கொலரா நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் பெரிய சோதனை 1971இல் வந்தது. வங்காளதேசப் போரில் எல்லை தாண்டிய அகதிகள் பொங்காவ் முகாமில் கொலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். சேலைன் முடிந்துகொண்டிருந்தது. டாக்டர் திலிப் மகலனபிஸ் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று ஒரு லீற்றருக்கு அளந்து கரைக்கச் சொன்னார். அதைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தது நோயாளிகளின் சொந்தக்காரர்களே. 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

இதைப் படித்த பிறகு அம்மாயியின் கஞ்சியை வேறு மாதிரிப் பார்க்கிறேன். சோற்றின் மாச்சத்து சிறுகுடலில் குளுக்கோஸாக உடைகிறது. உப்பு ஏற்கனவே அதில் இருக்கிறது. ஆனால் கஞ்சியில் அளவு சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஜீவனியில் இருக்கிறது. அதனால்தான் பக்கெட்டைப் பாதியாக்கக் கூடாது. முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, அன்றைக்கே முடிக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து கிடந்தால், சிறுநீர் போகாவிட்டால், உடனே ஆஸ்பத்திரிதான்.

மன்னார்ப் பாதையில் விழுந்தவர்களிடமும் இதே குடல்தான் இருந்தது. அவர்களுடைய மூட்டையில் கொஞ்சம் அரிசியும் உப்பும்கூட இருந்திருக்கும். அதைக் கொடுக்கலாம் என்று சொல்லத்தான் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்களுக்குத் தெரியும். அக்காவின் மகன் எழும்பி விளையாடத் தொடங்கியதும் நான் முதலில் போனது அன்ரியின் வீட்டுக்குத்தான்.