அசட்டுச் சாம்புவும் சயாம் ரயிலும்

துப்பறிகிறவர் என்றால் தொப்பியும் துப்பாக்கியுமாகத்தான் வரவேண்டுமா? எழுத்தாளர் தேவன் படைத்த சாம்பு ஒரு பேங்குக் குமாஸ்தா. அசடு என்று ஊரே சிரித்த ஆள். 1942-இல் ஆனந்த விகடனில் வந்தார். ஏதோ உளறுவார், குற்றவாளி அகப்பட்டுவிடுவான்! இன்ஸ்பெக்டர் கோபாலனே அவரைத் தேடி வருவார்.

அதே 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. ஜொகூர் அதற்கும் முன்பே போயாச்சு. அங்கே கதையில் சாம்பு களவுபோன நகையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், இங்கே நம்ம லயத்து ஆளுங்க சயாம் ரயில் பாதை போடப் போனாங்க. ஆயிரக்கணக்கில் திரும்பி வரல. பலர் பேர் எந்தப் பதிவிலும் இல்லை.

உங்க வீட்டுப் பெரியவங்க அப்படி ஒரு பேரைச் சொன்னால், ஊரும் தோட்டமும் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.