இடது பக்கம் பார்த்த ஆள்: நாமக்கல் லாரியும் டிரைவர் படிப்பும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பெங்களூர்ல இருந்து சேலத்துக்கு ராத்திரி பஸ்ல வந்திருக்கீங்கன்னா, தொப்பூர் கணவாயைத் தாண்டித்தான் வந்திருப்பீங்க. நல்லா தூங்கிட்டு இருந்திருப்பீங்க, அதனால பார்த்திருக்க மாட்டீங்க. தர்மபுரி தாண்டினதும் கொஞ்ச நேரத்துல ரோடு வளைஞ்சு வளைஞ்சு கீழ இறங்கும். இறக்கம் முடியுற பக்கத்துல இரட்டைப் பாலம்னு ஒரு இடம். பிரேக் பிடிக்காத லாரி முன்னாடி நிக்கிற கார் மேல ஏறிடுச்சுன்னு அடிக்கடி நியூஸ் வருமே, அது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

அங்க டிரைவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். நியூட்ரல்ல இறக்காதீங்க, கியர்ல இறக்குங்க.

இது தெரியாத லாரி டிரைவர் யாராவது இருக்காங்களா? யாருமே இல்லை. அப்புறம் ஏன் நியூட்ரல் போடறாங்க? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, நாமக்கல், சேலம் பக்கத்து லாரித் தொழிலோட ஐம்பது அறுபது வருஷக் கதைக்குள்ள போய் நிப்போம்.

முதல்ல வண்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். கியர்ல இறங்கினா இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல் போட்டா அந்தப் பிடி விட்டுடும், மொத்த பாரமும் பிரேக் மேல விழும். முப்பது நாப்பது டன் வண்டியை பிரேக் மட்டுமே பிடிச்சா, டிரம் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல மிதிச்சாலும் பிடிக்காது. இன்னும் மிச்சம் பிடிக்கிறேன்னு இன்ஜினையே ஆஃப் பண்ணா, காத்து அடைக்கிற கம்ப்ரஸர் நின்னுடும். ஏர் பிரேக்ல இருக்கிற காத்து ஒவ்வொரு மிதிக்கும் குறைஞ்சுக்கிட்டே வரும். பவர் ஸ்டியரிங்கும் போயிடும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இப்ப வர்ற லாரிகள்ல கியர்ல இருந்துக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, இன்ஜினுக்கு டீசல் போறதே நின்னுடும். நியூட்ரல் போட்டு இன்ஜினை ஓட விட்டாதான் டீசல் எரியும். ஆனா வண்டி சும்மா வழுக்கிக்கிட்டுப் போறப்ப மிச்சமாகிற மாதிரியே இருக்கும். அந்த உணர்வு ஒரு தலைமுறை டிரைவர்கிட்ட இருந்து அடுத்த தலைமுறைக்குப் பாடமா போயிருக்கு.

யார் சொல்லிக் கொடுத்த பாடம்? இங்கதான் கதை தொடங்குது.

இந்த சமவெளி மழை குறைஞ்ச பூமி. கிணறு வத்தினா விவசாயம் நிக்கும். நிலத்தை அடமானம் வச்சு, சொந்தக்காரங்க கூடப் பங்கு போட்டு லாரி வாங்கினவங்க நிறைய. நாமக்கல்ல பாடி கட்டுற பட்டறைகள், திருச்செங்கோட்டுல ரிக் வண்டி, சங்ககிரியில லாரிப்பேட்டைன்னு ஒரு முழு உலகமே உருவாச்சு. தென்னிந்தியாவுல ஓடற கேஸ் டேங்கர் லாரிகள்ல பெரிய பங்குக்கு நாமக்கல்தான் தாய்வீடு. இந்த மாதிரி ஒரு ஊர்ல டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லாரி கத்துக்கிட்டவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?

எங்க பெரியப்பா போகலை. பதினாறு வயசுல கிளீனரா ஏறினார். வண்டி கழுவறது, டயர் மாத்தறது, தார்ப்பாய் கட்டறது, ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி நின்னு "வரலாம் வரலாம்"னு கத்தறது. ஓட்டற நேரத்துல இடது பக்க ஜன்னல்ல தலையை நீட்டிப் பார்த்துக்கிட்டே வரணும். மூணு நாலு வருஷம் இப்படி. அப்புறம் ஒரு நாள் ராத்திரி ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைக் கையில கொடுப்பார். அதுதான் அட்மிஷன். லைசென்ஸ் பிற்பாடு வரும்.

சட்டம் அப்பவே இருந்துச்சு. 1914 மோட்டார் வாகனச் சட்டத்துலயே லைசென்ஸ் கட்டாயம், பதினெட்டு வயசு ஆகணும். 1939-ல அடுத்த சட்டம், 1988-ல இப்ப இருக்கிற சட்டம். 1988 சட்டப்படி லாரி மாதிரி போக்குவரத்து வாகனம் ஓட்ட இருபது வயசு வேணும். அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது சின்ன வண்டி லைசென்ஸ் வச்சிருக்கணும். பேப்பர்ல எல்லாம் சரி. ஆனா பாடம் நடந்தது லாரி கேபின்ல. எந்த இறக்கத்துல எந்த கியர், தூக்கம் வர்ற நேரம் எது, எந்த ஊர் எல்லையில மாடு குறுக்க வரும்னு எல்லாமே அங்க கத்துக்கிட்டதுதான். நியூட்ரல் போடறதும் அங்க கத்துக்கிட்டதுதான்.

அரசாங்கம் டிரைவர்கிட்ட பேசின விதமே வேற. 1989-ல இருந்து ஜனவரியில தேசிய சாலைப் பாதுகாப்பு வாரம் நடத்தறாங்க. 2021-ல அது மாசமா மாறிச்சு. பேரணி, கண் பரிசோதனை முகாம், "வேகம் விவேகமல்ல"ன்னு பலகை. நான் இதைக் கிண்டல் பண்ணலை. கண் பரிசோதனை முகாம் உண்மையிலேயே நல்ல வேலை. ஆனா இந்தப் பிரசாரம் எல்லாத்துக்கும் அடியில ஒரு நம்பிக்கை இருக்கு: விபத்துன்னா அது டிரைவரோட குணக்கேடு, அவருக்குப் புத்தி சொன்னா சரியாயிடும்.

இந்த நம்பிக்கை நம்ம ஊர்ல பிறந்தது இல்லை. அமெரிக்காவுல பல பத்தாண்டுகள் கார் கம்பெனிகள் இதைத்தான் சொல்லிச்சு: தப்பு வண்டியில இல்லை, ஓட்டறவன்கிட்ட. 1965-ல ரால்ஃப் நேடர் கார்களோட டிசைனே ஆபத்துன்னு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே அங்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1997-ல ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேல போச்சு. மனுஷன் தப்பு பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்பு அவன் உயிரை எடுக்காத மாதிரி ரோட்டைக் கட்டறது நம்ம பொறுப்புன்னு நாடாளுமன்றத்துலயே முடிவு எடுத்தாங்க.

நாமக்கல்லுக்குத் திரும்பலாம். 1995-ல அசோக் லேலண்ட் கம்பெனி இங்க ஒரு டிரைவர் பயிற்சி மையம் தொடங்குச்சு. ஊரைத் தேர்ந்தெடுத்ததுலயே ஒரு கணக்கு இருக்கு. தென்னிந்தியாவுல லாரிக்காரங்களைத் தேடிப் போகணும்னா இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. கேபின்ல வாய்வழியா போயிட்டிருந்த பாடத்தை வகுப்பறைக்குள்ள கொண்டு வர நடந்த பெரிய முயற்சிகள்ல இது ஒண்ணு. என் பார்வையில, பலகை எழுதறதைவிட இது பல மடங்கு மேல. பத்து வருஷம் ஓட்டின டிரைவரை உட்கார வச்சு, அவர் கை தானா செய்யற ஒரு விஷயத்தை ஏன் செய்யக் கூடாதுன்னு வண்டியை வச்சே காட்ட முடியும்.

ஆனா வகுப்பு முடிஞ்சு அவர் திரும்பிப் போறது எங்க? அதே முதலாளி, அதே லோடு, அதே பேட்டா. பல இடங்கள்ல லிட்டருக்கு இவ்வளவு கிலோமீட்டர்னு முன்கூட்டியே கணக்கு போட்டுத்தான் டீசல் கொடுப்பாங்க. மிச்சம் பிடிச்சா டிரைவருக்கு, குறைஞ்சா அவர் பணத்துல பிடிப்பாங்க. லோடு ஏத்தின பெரிய லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிசு. அந்த ஆள்கிட்ட "நியூட்ரல் போடாதே"ன்னு பலகை சொல்லுது, பாக்கெட் "போடு"ன்னு சொல்லுது.

இந்தக் கணக்கு வேற மாதிரி அமைஞ்ச ஒரு இடமும் இதே ஊர்ல இருக்கு. கேஸ், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்கு ஏத்தற டிரைவருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல தனிப் பயிற்சி கட்டாயம், மூணு நாள் வகுப்பு. எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். லைசென்ஸ்ல அதுக்கான பதிவு இல்லாம ஓட்டக் கூடாது. லோடு ஏத்தற பிளான்ட் கேட்லயே காகிதம் பார்ப்பாங்க. காகிதம் இல்லைன்னா வாடகை போச்சு. அதனால டிரைவரை வகுப்புக்கு அனுப்ப வேண்டிய கவலை முதலாளிக்கும் வந்துடுது. இதனால எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. 2012 ஆகஸ்ட்ல கேரளாவுல கண்ணூர் பக்கம் சாலாங்கிற இடத்துல ஒரு கேஸ் டேங்கர் நடு ரோட்டுத் தடுப்புல மோதிக் கவிழ்ந்து தீப்பிடிச்சதுல இருபது பேர் செத்தாங்க. ராத்திரி நேரம். அதுக்கப்புறம் அங்க எழுந்த கேள்வி டிரைவர் என்ன படிச்சார்ங்கிறது மட்டும் இல்லை. வண்டியில எத்தனை டிரைவர் இருந்தாங்கங்கிறதும்தான்.

இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமா படுது. நேஷனல் பெர்மிட் லாரின்னா இரண்டு டிரைவர் இருக்கணும், ஒருத்தர் படுத்துத் தூங்க சீட்டுக்குப் பின்னாடி இடம் இருக்கணும்னு விதி இருந்துச்சு. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைன்னு சொல்லிச்சு. அந்தச் சட்டம் வந்தப்ப அஞ்சு தொழிலாளிகளாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் பொருந்தும்னு இருந்துச்சு. ஒரு லாரி, இரண்டு லாரி வச்சிருக்கிற நம்ம ஊர் முதலாளிகள் அந்த வரம்புக்குக் கீழதான். கடைசியில 2018-ல இரண்டு டிரைவர் கட்டாயத்தையும் விதியில இருந்து எடுத்துட்டாங்க. ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டினா முக்கால் மணி நேரம் ஓய்வு கட்டாயம், ஓட்டின நேரத்தை வண்டியில இருக்கிற கருவியே பதிவு பண்ணிடும். இங்க யார் கணக்கு வைக்கிறது?

இதே காலத்துல சத்தமில்லாம இன்னொண்ணு நடந்துச்சு. கிளீனர் காணாம போயிட்டார். செலவைக் குறைக்கணும்னு வந்தப்ப முதல்ல வெட்டுப்பட்டது அவர் சம்பளம்தான். இன்னைக்குப் பல லாரிகள்ல ஒரே ஆள்தான். கிளீனர் போனதோட பழைய பள்ளிக்கூடமும் மூடிடுச்சு. புதுப் பள்ளிக்கூடம் அந்த அளவுக்கு வளரலை. 2021-ல வந்த அங்கீகாரப் பயிற்சி மைய விதிகள் கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்துல 38 மணி நேரம்னு சொல்லுது. நல்ல பாடத்திட்டம்தான். ஆனா நாலு வருஷ இடது ஜன்னலை 38 மணி நேரத்துல அடைக்க முடியுமா?

பைக் ஓட்டறவங்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல். லாரிக்கு இடது பக்கமா நுழைஞ்சு முந்தறீங்க இல்லையா, அந்தப் பக்கம் முன்னாடி ஒரு பையன் தலையை நீட்டிக்கிட்டு "அண்ணே, பைக்கு"ன்னு கத்துவான். இப்ப அங்க யாரும் இல்லை. கண்ணாடி மட்டும்தான். அதுல நீங்க தெரியாத இடம் நிறைய.

எண்களையும் பார்த்துடலாம். தமிழ்நாட்டுல சாலை விபத்துல இறந்தவங்க 2016-ல 17,218 பேர். 2019-ல 10,525. அப்ப நாடே நம்மளைத் திரும்பிப் பார்த்துச்சு. 2008-ல வந்த 108 ஆம்புலன்ஸ், விபத்து அடிக்கடி நடக்கிற இடங்களைச் சரி பண்ணது, லைசென்ஸ் ரத்துன்னு பல காரணம் சொன்னாங்க. 2023-ல அது 18,347. 2021 டிசம்பர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அது பல உயிரைப் பிடிச்சு வச்சிருக்கு. ஆனா அது மோதினதுக்கு அப்புறம் வர்ற உதவி.

தொப்பூருக்கு 2024-ல ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது உயர்த்திக் கட்டற புதுப் பாதைக்கு. இறக்கத்தோட சாய்வையே மாத்தற வேலை. லாரிகளுக்கு ஏசி கேபினும் 2025-ல கட்டாயமாச்சு. பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். நாமக்கல் பட்டறையில மரத்துல கட்டின கேபின்ல, இன்ஜின் சூடு காலைச் சுட, நாக்பூர் வரைக்கும் போனவர் அவர். தொப்பூர்ல நியூட்ரல் போட்டிருக்கீங்களான்னும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை.

"போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டேதான் போட்டேன் சாமி" என்றார்.