ஃபெர்மாவின் எண்

3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். 2-ன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளுடன் 1 கூட்டினால் இவை கிடைக்கும். இவ்வரிசை முழுவதும் பகா எண்களே என 1640-ல் பிரெஞ்சு மேதை ஃபெர்மா நம்பினார், நிரூபணம் தரவில்லை.

அடுத்த எண் 4,29,49,67,297. இது 641-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 67,00,417 என்று 1732-ல் ஆய்லர் காட்டினார். இதன் காரணிகள் 64-ன் மடங்கைவிட 1 அதிகமாகவே இருக்கும் என்றும் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே விடை!

ஆறாவது ஃபெர்மா பகா எண் இன்றுவரை கிட்டவில்லை.

நம் தர்க்க சாஸ்திரத்தில் ஆப்த வாக்கியமும் பிரமாணமே. கணிதத்தில் மேதையின் வாக்கும் ஒரு வகுத்தலுக்குக் கட்டுப்பட்டது. அதனாலேயே எனக்கு அதில் ஈடுபாடு. அன்பர்கள் பேரக் குழந்தைகளை இதை வகுத்துப் பார்க்கச் சொல்லலாமே!