வரிவிலக்குச் சேமிப்பும் சேமிப்பாளர் உரிமையும்: விருத்தாசலம் பீங்கான் தொழிலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், பீங்கான் தொழிற்பேட்டையால் அறியப்பெறும் ஊராகும். அங்குச் சிறுதொழிற்கூடங்களே மிகுதி. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களையே கட்டுப்படுத்துகிறது. அவ்வரம்புக்கு வெளியே நிற்போரின் முதுமைக்காலச் சேமிப்பு எது, அதில் அலுவலகம் பிழைசெய்தால் இழப்பு யாரைச் சாரும் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டப் பின்னணி

1873இல் அரசுச் சேமிப்பு வங்கிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கிற்று. வைப்புநிதி வசதியற்றோரையும் கருத்திற்கொண்டு 1968இல் பொது வருங்கால வைப்புநிதி (பி.பி.எஃப்.) உருவானது. இதன் காலம் 15 ஆண்டுகள். வட்டிக்கு வருமான வரி இல்லை. தொடக்கத்தில் 4.8 விழுக்காடாக இருந்த வட்டி, 1986 முதல் 2000 சனவரி வரை 12 விழுக்காடாக உயர்ந்து நின்றது. 2020 ஏப்ரலில் 7.1 விழுக்காடாகக் குறைந்தது.

வரி வரம்பை எட்டாத கூலித் தொழிலாளிக்கு வரிவிலக்கால் பயனில்லை. கடன்பட்ட சிறுமுதலாளிக்கோ, இக்கணக்கின் தொகையை நீதிமன்றம் ஜப்தி செய்ய இயலாது என்னும் பாதுகாப்பே பெரிது. எனினும் விதிகள் நுட்பமானவை. மாதத்தின் 5ஆம் நாள் முடிவுக்கும் மாத இறுதிக்கும் இடைப்பட்ட குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடப்படும். 6ஆம் நாள் செலுத்திய தொகைக்கு அம்மாத வட்டி கிட்டாது. இதனைச் சேமிப்பாளர் அறிவது பெரும்பாலும் அலுவலரின் வழிகாட்டலைப் பொறுத்ததே.

சேவைச் சீர்திருத்தமும் பழனி வழக்கும்

1969இல் வங்கிகள் நாட்டுடைமையான பின் வாடிக்கையாளர் சேவை பொது விவாதமாயிற்று. 1975இல் தல்வார் குழு அமைந்தது. கோய்போரியா குழு 1991இல் அறிக்கை அளித்தது. 1995இல் வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டம் வந்தது. 2014இல் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தை வெளியிட்டது.

அரசுச் சேமிப்புத் திட்டங்களில் நிலை வேறு. பழனி தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயில், 1995 மே மாதம் சுமார் 1.40 கோடி ரூபாயை அஞ்சலக வைப்புத் திட்டத்தில் செலுத்தியது. நிறுவனங்கள் அத்திட்டத்தில் சேர்வது அவ்வாண்டு ஏப்ரல் 1 முதலே நிறுத்தப்பட்டிருந்தது. அதனையறியாது தொகையைப் பெற்ற அஞ்சலகம், 1996 சனவரியில் வட்டியின்றித் திருப்பியளித்தது. விதிக்கு மாறான கணக்கிற்கு வட்டி இல்லை என்றும், இது சேவைக் குறைபாடு ஆகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

முடிவுரை

பெருங்கோயில் தாங்கிய இழப்பைச் சூளைத் தொழிலாளி தாங்க இயலாது. வங்கிச் சேவையில் வளர்ந்த உரிமைச் சிந்தனை, சேமிப்பு விதிகளுள் முழுமையாக நுழையவில்லை என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. சேமிப்பாளரின் மறைப்பையும் அலுவலகத்தின் அறியாமையையும் விதிகள் வேறுபடுத்துதல் வேண்டும். அரசின் உறுதியை நம்பிச் செலுத்திய பணத்திற்கு, அது அலுவலகத்தில் இருந்த காலத்திற்கேனும் வட்டி தருதலே முறையாகும்.